வெயில் கால மலையேற்றத்துக்கு எந்தத் துணி?

நண்பர்களே, சித்திரையில் கோவை பக்கம் இருக்கும் வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறப் போகிறேன். அதற்கு ஒரு பேன்ட் தைக்கணும். ரெடிமேடில் இடுப்பு சரியாக இருந்தால் நீளம் இடிக்கிறது, அதனால் டெய்லரிடம்தான். துணி எடுப்பதில்தான் குழப்பம்.

வீட்டில் "வெயிலுக்குக் காட்டன்தான்" என்கிறார்கள். ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வியர்வையைக் குடித்துவிட்டுத் தொடையில் ஒட்டும், லேசில் காயாது, உள்தொடை உரசிப் புண்ணாகும். ஏழாவது மலையின் விடியற்காலைக் காற்றில் அதே ஈரத்துணி நடுங்கவும் வைக்கும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் நாற்றம் லேசில் போகாது. பாறையில் உட்கார்ந்து சறுக்கினாலும் தாங்கும் என்பதால் மனசு நைலானில்தான் நிற்கிறது. கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் (இழுத்தால் நீளும் நூல்) கலந்திருந்தால் உயரமான படியில் காலைத் தூக்கும்போது இறுக்கிப் பிடிக்காது.

120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) போதுமா, 150க்குப் போகணுமா? மெல்லிசாக எடுத்தால் முட்டியில் கிழியுமோ என்று பயம். குடைத்துணி மாதிரி சரசரக்காத, காற்றுப் போகிற நைலான் கோவை, திருப்பூர் பக்கம் சில்லறையாக மீட்டர் கணக்கில் எங்கே கிடைக்கும்? தைத்துப் போட்டவர்கள் சொல்லுங்கள். கவட்டையில் தனித்துண்டு வைத்துத் தைக்கத் தெரிந்த டெய்லர் இருந்தால் அதையும்.