வேலை தெரியும், இன்டர்வியூவில் சொல்லத்தான் வரவில்லை. கணக்குத் துறையில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

பெரம்பூர்வாசி

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவாக இருந்தேன். பி.காம் படிப்பு, ஆறு வருட அனுபவம். பர்ச்சேஸ் பில், ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி), பேங்க் ரீகன்சிலியேஷன் எல்லாம் பார்த்திருக்கிறேன், டேலி மென்பொருள் நன்றாக வரும். கணக்கு வேலை முழுவதையும் தலைமை அலுவலகம் இருக்கும் புனேவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அதனால் இங்கே எங்கள் பிரிவே இல்லாமல் போனது. ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ் எல்லாம் முறையாகக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது பிரச்சினை இரண்டு. நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் தினமும் அப்ளை செய்கிறேன், பெரும்பாலும் பதிலே இல்லை. எப்போதாவது கூப்பிட்டு இன்டர்வியூவுக்குப் போனால், மாதாமாதம் நானே செய்த வேலையைப் பற்றிக் கேட்டாலும் பதில் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. "2பி-யும் உங்கள் புத்தகமும் ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வீர்கள்" என்று கேட்டார்கள். 2பி என்பது சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் நமக்குத் தரும் பட்டியல், எனக்குத் தெரியாததா? ஆனால் "செக் பண்ணுவேன் சார்" என்பதற்கு மேல் வாயில் எதுவும் வரவில்லை.

இன்னொன்று, காலையில் கணவர் வேலைக்கும் பையன் பள்ளிக்கும் போன பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு மெயில் வந்ததா என்று பார்த்தே மதியம் ஆகிவிடுகிறது. படிக்க உட்கார மனசு வரவில்லை. பக்கத்து வீட்டில் "இன்னும் ஒண்ணும் அமையலையா" என்று கேட்டால் அன்றைக்கு முழு நாளும் போச்சு. இந்த நிலையைத் தாண்டி வந்தவர்கள் இருந்தால் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கிண்டி_லெட்ஜர்

நான் ஒரு உற்பத்தி நிறுவனத்தில் ஃபைனான்ஸ் மேனேஜர். ஆள் எடுக்கும்போது எதிரில் உட்காருகிற இருவரில் நான் ஒருவன். அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

உங்களைப் போல் வருகிறவர்கள் நிறையப் பேர். வேலை கையில் இருக்கும், ஆனால் அதை இன்னொருவருக்கு விவரித்துச் சொல்ல வேண்டிய தேவை ஆறு வருடமும் வந்திருக்காது. ஆபீஸில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், "2பி முடிஞ்சுதா" என்று கேட்டால் "முடிஞ்சுது சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் புதுப் புத்தகம் வாங்கிப் படிப்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் செய்த ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு தேதி வாரியாகத் தமிழிலேயே எழுதுங்கள். 7ஆம் தேதி டிடிஎஸ் கட்டுவது, 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்), 14 அன்று 2பி வருவது, 15 பிஎஃப்பும் இஎஸ்ஐயும், 20 அன்று 3பி (ஜிஎஸ்டி கட்டும் மாத ரிட்டர்ன்). ஒவ்வொரு தேதிக்கும் பேப்பர் யாரிடமிருந்து வந்தது, நீங்கள் எதைச் சரிபார்த்தீர்கள், வழக்கமாக எங்கே சிக்கும், சிக்கினால் யாருக்குப் போன் போடுவீர்கள் என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் நாங்கள் கேட்பதெல்லாம் இந்தத் தாளில் இருப்பதைத்தான்.

அந்த 2பி கேள்வியையே எடுத்துக்கொள்வோம். நான் எதிர்பார்க்கிற பதில் இப்படி இருக்கும்: "முதலில் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் 2பி-யையும் எக்ஸெல்லில் ஜிஎஸ்டின் (ஜிஎஸ்டி பதிவு எண்), இன்வாய்ஸ் எண் வைத்துப் பொருத்துவேன். ஒட்டாதவற்றைப் பிரிப்பேன். சப்ளையர் ரிட்டர்னே போடாதது ஒரு ரகம், இன்வாய்ஸ் எண்ணைத் தப்பாக அடித்தது ஒரு ரகம், எங்கள் இன்னொரு மாநில ஜிஎஸ்டின்னில் போட்டுவிட்டது ஒரு ரகம், சரக்கு வழியில் இருப்பதால் நாங்கள் அடுத்த மாதம் என்ட்ரி போட்டது ஒரு ரகம். 2பி-யில் வராததற்கு இந்த மாதம் கிரெடிட் (வாங்கியதில் கொடுத்த ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்கமாட்டேன், சப்ளையருக்கு மெயில் போட்டு, பேமென்ட்டில் வரித் தொகையை நிறுத்தி வைக்கலாமா என்று பர்ச்சேஸிடம் கேட்பேன்." இவ்வளவுதான். இதில் உங்களுக்குத் தெரியாதது எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன். இந்தப் பதில் வந்தால் அடுத்து நான் கேட்பது, கிரெடிட் எடுத்த பில்லுக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது. கிரெடிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும், வட்டியும் உண்டு, பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

அதோடு சேர்த்துச் சிறு, குறு நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கும் கெடுவைப் பாருங்கள். ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள், அதுவும் அதிகபட்சம் 45, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15. அதைத் தாண்டினால் அந்தச் செலவு, பணம் கொடுக்கிற வருடத்தில்தான் வருமான வரிக்குக் கழியும். அம்பத்தூர் கம்பெனி என்றால் கூலிக்கு வேலை செய்து தரும் சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகள் நிறைய இருந்திருக்கும், அந்த உதாரணத்தோடு சொல்லுங்கள், நன்றாக எடுபடும்.

இரண்டு மாற்றங்களைக் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. உதிரிபாகங்கள் உங்கள் துறைதான், 28 சதவீதத்தில் இருந்தவை 18க்கு வந்தன. மாற்றத்துக்கு முன்பு விற்ற சரக்கு பிறகு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் தாள்) எந்த விகிதத்தில் போடுவீர்கள் என்று கேட்பார்கள். பழைய இன்வாய்ஸில் இருந்த விகிதம்தான். அடுத்தது வருமான வரிச் சட்டம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் என்பதால் டிடிஎஸ் பிரிவு எண்கள் மாறுகின்றன. நாம் இத்தனை வருடம் 194சி (ஒப்பந்த வேலை), 194ஜே (தொழில்முறைக் கட்டணம்) என்றே பேசிப் பழகிவிட்டோம். எண்ணை ஒப்பிப்பதை விட, எந்தச் செலவுக்கு எத்தனை சதவீதம் பிடிக்கிறோம், வரம்பு என்ன என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

தாம்பரம்_பீச்_லைன்

மேலே அண்ணா சொன்னது பாடத்துக்கு. நான் மனசு பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்து வேலை தேடிய காலம் எனக்கும் உண்டு.

வீட்டில் இருந்து தேடாதீர்கள் தோழி. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. வீட்டில் இருந்தால் குக்கர், கொரியர், மாவு அரைப்பது, எல்லா வேலையும் "நீ சும்மாதானே இருக்கே" என்று நம் தலையில் விழும், நாளடைவில் நாமே அதை நம்பத் தொடங்கிவிடுவோம். உங்களுக்குப் பக்கத்தில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் இருக்கிறது, 2024 நவம்பரில் திறந்தது, படிக்க ஓர் இடம், லேப்டாப் வைத்து வேலை செய்ய ஓர் இடம் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள், கட்டணமும் குறைவுதான். அது ஒத்துவராவிட்டால் எழும்பூர் கன்னிமாரா நூலகம், பெரம்பூரில் இருந்து ரொம்பத் தூரம் இல்லை. நான் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி அங்கே உண்டு, சுற்றி எல்லாம் டிஎன்பிஎஸ்சிக்கும் யுபிஎஸ்சிக்கும் படிக்கிற பிள்ளைகள். அவர்கள் நடுவில் உட்கார்ந்தால் போனை எடுக்கவே கூச்சமாக இருக்கும். ஆபீஸுக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு, டப்பா கட்டிக்கொண்டு, அதே நேரத்துக்குக் கிளம்புங்கள். உற்சாகம் வந்த பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்தால் அது வராது, கிளம்பிப் போய் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் கை தானாக வேலையில் இறங்கிவிடும்.

மெயிலைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பாருங்கள். கூப்பிட வேண்டியவர்கள் போனில்தான் கூப்பிடுவார்கள்.

பேசிப் பழகுவது முக்கியம். எழுதி வைத்ததை மனதுக்குள் படித்தால் இன்டர்வியூவில் வராது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போனில் ரெக்கார்ட் செய்து கேளுங்கள். முதலில் நம் குரலே நமக்குப் பிடிக்காது, அதைப் பொருட்படுத்தாதீர்கள். பழைய ஆபீஸ் தோழி யாராவது இருந்தால் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக ஒரு கேள்வி அனுப்பச் சொல்லி, நீங்களும் வாய்ஸிலேயே பதில் அனுப்புங்கள். ஆங்கிலம் பற்றிப் பயம் இருந்தால், உங்களைப் பற்றிச் சொல்லும் முதல் பத்து வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் தயார் செய்யுங்கள். அதற்குப் பிறகு சென்னைக் கம்பெனிகளில் பெரும்பாலும் கேட்கிறவர்களே பாதித் தமிழுக்கு வந்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுக்கு ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள்: "பார்த்துட்டிருக்கேன் அக்கா, அமைஞ்சதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்." விளக்கம் சொல்லத் தொடங்கினால்தான் அந்த நாள் போகும்.

அப்புறம் ஒரு ராத்திரி கணவரோடு உட்கார்ந்து இ.எம்.ஐ, பள்ளிக் கட்டணம், வாடகை எல்லாம் எழுதி, எத்தனை மாதம் தாங்கும் என்று பாருங்கள். ஒரு எண் கையில் இருந்தால் ராத்திரித் தூக்கம் வரும். அது தெரியாமல்தான் முதலில் வருகிற எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மின்ட்_தெரு

ஆடிட்டர் ஆபீஸ்களை விட்டுவிட்டீர்களே. மயிலாப்பூர், தி.நகர், பாரிமுனை பக்கம் சின்ன ஆடிட்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், டாக்ஸ் ஆடிட் நேரத்திலும் டிசம்பர் 31க்குள் போட வேண்டிய ஜிஎஸ்டி வருடாந்திர ரிட்டர்ன் நேரத்திலும் ஆள் கிடைக்காமல் திண்டாடுவார்கள். விளம்பரம் எல்லாம் கொடுக்கமாட்டார்கள், நேரில் போய் ரெஸ்யூமே கொடுத்தால் உண்டு. சௌகார்பேட்டை மொத்த வியாபாரிகளும் பாதி நாள் கணக்குப் பார்க்க ஆள் தேடுவார்கள். ஒரே கம்பெனியின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்குப் பத்து வியாபாரத்தின் கணக்கு கண்ணில் படும், வேலையில் ஏன் இடைவெளி என்ற கேள்வியும் எழாது.

ஆவடி_மெயில்

மின்ட் தெரு சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. சீசன் நேரத்தில் ஆடிட்டர் ஆபீஸில் ராத்திரி ஒன்பது மணி வரை இழுத்துவிடுவார்கள், இன்டர்வியூவுக்கு லீவு கேட்கவே தயக்கமாகிவிடும். என் தங்கைக்கு அப்படித்தான் ஆனது, கொஞ்ச நாளைக்கு என்று போனவள் தேடுவதையே விட்டுவிட்டாள். போவதானால் பாதி நாள் மட்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கிண்டி வேலைவாய்ப்பு அலுவலக வளாகத்தில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடக்கும், அதையும் பாருங்கள். தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதிவு செய்யலாம், காசு கிடையாது. வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் கட்டு, யூனிஃபார்முக்குக் கட்டு, லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டு என்று எவன் கேட்டாலும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வேலை இல்லாதவர்களாகப் பார்த்துத்தான் இவர்கள் வலை போடுகிறார்கள். யாராவது ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ பணத்தை நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

பெரம்பூர்வாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கொளத்தூர் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எனக்குத் தோன்றவே இல்லை. தேதி வாரியாக எழுதத் தொடங்கிவிட்டேன், 7ஆம் தேதிக்கே ஒரு பக்கம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு கேள்வி. ஏன் வெளியே வந்தீர்கள் என்று கேட்டால் எவ்வளவு சொல்ல வேண்டும்? சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால், வேலை இல்லாத நேரத்தில் குறைத்துச் சொல்வதுதான் நல்லதா?

கிண்டி_லெட்ஜர்

ஏன் வந்தீர்கள் என்பதற்கு ஒரு வாக்கியம் போதும்: "கணக்குப் பிரிவைப் புனேவுக்கு மாற்றினார்கள், சென்னைக் கணக்குகளைச் சரிபார்த்து ஒப்படைத்துவிட்டு வந்தேன்." ஒப்படைத்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். பாக்கி இருந்த சப்ளையர் பேலன்ஸ், சரக்கு வந்து பில் வராதவை, டிடிஎஸ் சான்றிதழ்கள் எல்லாம் பட்டியல் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். பிரிவையே மூடும்போதும் கணக்கை ஒழுங்காக முடித்துக் கொடுத்தவர் என்று தெரிந்தால் எனக்கு அந்த ஆள் மேல் மரியாதை வரும். பழைய நிர்வாகத்தைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினால் பேச்சு அந்தப் பக்கமே போய்விடும், நேரம் வீண்.

சம்பளத்தில் குறைத்துச் சொல்லாதீர்கள். கையில் வந்தது எவ்வளவு, சிடிசி (கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், கடைசி மூன்று மாதப் பே ஸ்லிப் எப்படியும் கேட்போம். பழைய சம்பளத்தில் இருந்தே பேச்சைத் தொடங்குங்கள். எஸ்ஏபி மென்பொருள் மாதிரி நீங்கள் தொடாத ஒன்றைக் கற்றுக்கொள்ள வாய்ப்பு இருக்கிற இடமாக இருந்தால் கொஞ்சம் இறங்கலாம், வெறும் பில் என்ட்ரிக்கு இறங்க வேண்டாம்.

தாம்பரம்_பீச்_லைன்

இதில் அண்ணாவோடு நான் ஒத்துப்போகமாட்டேன். தாங்கக்கூடிய மாதங்கள் முடியப்போகிறது என்றால் எஸ்ஏபியாவது ஒன்றாவது, பக்கத்தில், பையன் பள்ளி விடும் நேரத்துக்கு ஒத்துவருகிற வேலையாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பெரம்பூரில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் போய் வருகிற அலைச்சலுக்கும் ஒரு விலை இருக்கிறது.

கிண்டி_லெட்ஜர்

அதுவும் நியாயம்தான், வீட்டு நிலவரம் அவருக்குத்தான் தெரியும்.

பெரம்பூர்வாசி, ரெஸ்யூமேயில் உங்கள் பெயர், போன் எண், கம்பெனிப் பெயர் மூன்றையும் எடுத்துவிட்டு இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். "ஜிஎஸ்டி பார்த்தேன்" என்று மட்டும் இருந்தால் மாற்றுங்கள். மாதம் ஏறக்குறைய எத்தனை பர்ச்சேஸ் பில், எத்தனை சப்ளையர், எத்தனை பேங்க் கணக்கு, ரிட்டர்னை நீங்களே போட்டீர்களா அல்லது ஆடிட்டருக்குத் தயார் செய்து கொடுத்தீர்களா என்பது அதில் இருக்க வேண்டும். அப்ளை செய்தும் பதில் வராததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம், எங்களுக்கு வருகிற ரெஸ்யூமேக்களில் இந்த விவரத்தைத்தான் முதலில் தேடுவோம்.