கண்காட்சிக்குக் கருப்பு வெள்ளைப் படங்கள்: எந்தத் தாளில், எப்படி அச்சிடுவது?

கேள்வி:
16×20 அங்குலத்தில் கருப்பு வெள்ளைப் படங்கள் அச்சிட வேண்டும். சோதனைக்கு ஒன்று போட்டேன், திரையில் பார்த்ததைவிட இருட்டாக வந்திருக்கிறது, சாம்பல் பகுதியில் லேசாகப் பச்சை வேறு அடிக்கிறது. தாள் சரியில்லையா? மேட் (பளபளப்பில்லாத தாள்) நல்லதா, பரைட்டாவா (பேரியம் சல்பேட் பூசிய, லேசான பளபளப்புள்ள தாள்)?

பதில்:
பச்சைக்குப் பெரும்பாலும் மைதான் காரணம். கலர் மைகளைக் கலந்து சாம்பல் உண்டாக்கும் பிரிண்டரில் இப்படித்தான் வரும், வெளிச்சம் மாறினால் சாயலும் மாறும். கருப்போடு சாம்பல் மைகளும் தனியாக உள்ள பிரிண்டரில், அதன் கருப்பு வெள்ளை மோடில் போட்டுப் பாருங்கள். இருட்டுக்குத் திரையின் பிரகாசத்தைச் சந்தேகப்படுங்கள், சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா (பிரகாசத்தின் அலகு) அளவுக்குக் குறைத்துவிட்டு மறுபடி திருத்துங்கள்.

பதில்:
இரவுக் காட்சி, ஆழமான நிழல் என்றால் நான் பரைட்டாதான் சொல்வேன், அந்தக் கருப்பு மேட்டில் கிடைக்காது. பனிமூட்டம், மெல்லிய சாம்பல் என்றால் மேட் பருத்தித் தாள் அருமை, விளக்கொளியும் பளபளக்காது. ஆனால் கண்ணாடி போட்டுவிட்டால் இந்த வித்தியாசம் பாதி அடங்கிவிடும்.

கேட்டவர்:
நன்றி. கண்ணாடி உண்டு. நிழல் விவரம் தொலையாமல் இருக்க?

பதில்:
0-ஐ முழுக் கருப்பாக வைத்து 0, 5, 10, 15, 20 என்று அடர்த்தி குறையும் கட்டங்களை அதே தாளில் அச்சிட்டு, எந்தக் கட்டம் முழுக் கருப்போடு கலந்துவிடுகிறது என்று பாருங்கள், விவரம் வேண்டிய நிழலை அதற்கு மேலே தூக்கிவிடுங்கள். கண்காட்சி விளக்கிலேயே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அப்புறம், அச்சிட்ட உடனே சட்டம் போடாதீர்கள், ஒரு நாளாவது காயட்டும், இல்லையென்றால் கண்ணாடியின் உட்புறம் புகை படிந்த மாதிரி ஆகிவிடும்.