மஸ்னவியில் நடுவே வரும் அந்தக் ‘கேட்பவர்’ யார்?

கேள்வி:
பாரசீகக் கவிஞர் ரூமியின் நெடுங்கவிதை மஸ்னவி, இரண்டாம் புத்தகம். சூஃபி ஞானி ஒருவர் ஒரு மடத்துக்கு வந்து, கழுதையைத் தொழுவத்தில் கட்டிவிட்டுத் தோழர்களோடு தியானத்தில் அமர்கிறார். ரூமி அங்கிருந்து தத்துவத்துக்குள் போய்விடுகிறார். 200ஆம் ஈரடியை ஒட்டி, ‘கேட்பவர் மனம் வேறெங்கோ போயிற்று, அந்த சூஃபியின் நினைப்பில் கழுத்துவரை மூழ்கிவிட்டார்’ என்று சொல்லிக் கதைக்குத் திரும்புகிறார். இந்தக் கேட்பவர் கதைக்குள் இருப்பவரா? இன்னொரு பாரசீகக் கவிஞரான நிஜாமியின் கதைக்குள் கதையும் இதே உத்திதானா?

பதில் 1:
கதைக்கு வெளியே இருப்பவர். அங்குள்ள தலைப்பே சொல்கிறது: கேட்பவர் கதையின் வெளிவடிவை விரும்பியதால் பொருள் விளக்கம் தடைபட்டது. ரூமி சொல்லச் சொல்ல அவருடைய சீடர் ஹுஸாமுத்தீன் சலபி எழுதிய நூல் என்பதால் அவரேதான் இவர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்; வரியில் பெயர் இல்லை.

நிஜாமியின் உத்தி வேறு. ஏழு இளவரசிகள் ஏழு நிற மாடங்களில் பஹ்ராம் அரசனுக்குக் கதை சொல்லும் அவருடைய ஹஃப்த் பைக்கரில் (1197) கறுப்பு மாடக் கதையைப் பாருங்கள். நிஜாமி சொல்ல, உள்ளே இந்திய இளவரசி பஹ்ராமுக்குச் சொல்கிறாள். அவள் கதைக்குள் மாதந்தோறும் கறுப்புப் பட்டுடுத்தி வந்துபோன ஒரு பெண் பேசுகிறாள். அந்தப் பெண்ணின் கதைக்குள் அவளுடைய அரசன் தன் கதையைச் சொல்கிறான். நாலு தளம், ஆனால் தளங்களுக்கு நடுவே உள்ள சுவர் எங்கும் இடியவில்லை. ஏறிய படி வழியாகவே இறங்குகிறார்கள். ரூமியிடமோ வெளியே உட்கார்ந்தவரின் ஆர்வம் உள்ளே பேச்சையே திருப்பிவிடுகிறது. ஒரு தளத்தில் நடப்பது இன்னொன்றைத் தடுக்கிறதா, திருப்புகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வெறும் அடுக்கு.

பதில் 2:
நிஜாமியும் சுவரை உடைத்திருக்கிறார், குஸ்ரோ-ஷிரீன் என்ற தன் காதல் காவியத்தில். குஸ்ரோவின் உடலருகே ஷிரீன் உயிரை விட்டதும் கவிஞரே முன்னால் வந்து, ‘இவள் என் கிப்சாக் அழகியைப் போலிருந்தாள், என் ஆஃபாக்கேதானோ என்று தோன்றியது’ என்கிறார். ஆஃபாக், இறந்துபோன அவர் மனைவி; கிப்சாக் என்ற துருக்கிய இனத்தவள். பாத்திரத்தின் சாவும் வீட்டில் நடந்த சாவும் ஒரே அழுகையாகிவிடுகின்றன. ஹஃப்த் பைக்கரின் அத்தனை அடுக்கையும்விட எனக்கு இந்தச் சில ஈரடிகள் பெரிது.

பதில் 3:
குறிப்பெழுதுவதற்கு ஒரு வழி. பழைய பிரதிகளில் மேற்கோள் குறி கிடையாது. பாரசீகப் படர்க்கையில் ஆண்பால், பெண்பால் வேறுபாடும் இல்லை. ‘குஃப்த்’ (சொன்னார்) வரும்போதெல்லாம் ஓரத்தில் தள எண் போடுங்கள்: கவிஞர் 1, இளவரசி 2, கறுப்புடைப் பெண் 3, அரசன் 4. எண் போடாமல் ‘சொன்னான்’, ‘சொன்னாள்’ என்று தமிழாக்கினால் யார் பேசுகிறார் என்பதை முன்கூட்டியே தீர்மானித்ததாகிவிடும். அதிகம் சறுக்குவது கறுப்பு மாடக் கதையின் முடிவில்தான்: ‘என் எஜமானரின் ரகசியம் தெரிந்ததும் நானும் கறுப்புக்கு மாறினேன்’ என்பது 3, அதற்கு முன்பு நெடுநேரம் ‘நான்’ என்றது 4. உடனே கதை 2-க்கு இறங்கிவிடும்.