டிபி ஊசியும் காதும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) உறுப்பினர்:

என் அண்ணனுக்கு 2014-இல் எம்டிஆர் டிபி வந்தது. வழக்கமான மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத காசநோய். மாத்திரைகளோடு கானாமைசின் ஊசியும் இடுப்பில் போட்டார்கள். அப்போது தென்னாப்பிரிக்காவில் அதுதான் வழக்கமான சிகிச்சை, மாதக்கணக்கில் போட்டாக வேண்டும். இரண்டு பக்கமும் கட்டிகட்டியாக வீங்கி, உட்காரவே கஷ்டப்பட்டார். சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்து நாங்கள் சந்தோஷப்பட்ட சமயத்தில்தான் காதில் 'ஙொய்' என்று ஓயாத இரைச்சல் ஆரம்பித்தது. கிளினிக்கில் சொன்னார். "மருந்தோட வேலை, போகப்போகச் சரியாயிடும்" என்றார்கள். காதைச் சோதிக்க யாரும் அனுப்பவில்லை.

முதலில் கீச்சென்ற சத்தங்கள் போயின. மைக்ரோவேவ் நின்றது தெரியாது, போன் அடிப்பது தெரியாது. அப்புறம் பேச்சு. குரல் கேட்கும், ஆனால் சொன்னது பல்லா, கல்லா, சொல்லா என்று பிடிபடாது. மினிபஸ் டாக்சியில் இறங்கும் இடத்தைக் கத்திச் சொல்வார். டிரைவர் திருப்பிக் கேட்டது காதில் விழாது. எங்கேயோ இறங்கி வெயிலில் நடந்து வருவார்.

நோய் முழுசாகக் குணமானது, அதற்கு நன்றி. ஆனால் இந்த ஊசியால் உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இதை ஊசி தொடங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். உயிரா காதா என்று கேட்டிருந்தால் அண்ணன் உயிர் என்றுதான் சொல்லியிருப்பார். கேட்கவே இல்லையே, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பீனிக்ஸ் (டர்பன்) உறுப்பினர்:

அக்கா, படித்துவிட்டு அழுதேன். எனக்கு 2019-இல் அதே எம்டிஆர் டிபி. ஆனால் 2018 ஜூனிலேயே ஊசிக்குப் பதில் பெடாகுவிலின் மாத்திரை என்று நம் அரசு அறிவித்துவிட்டது. ஓர் ஊசிகூடப் போடவில்லை. இதயத்துடிப்பைப் பார்க்க அடிக்கடி ஈசிஜி எடுத்தார்கள். கூடக் கொடுத்த லினெசோலிட் மாத்திரைதான் படுத்தியது: பாதத்தில் எரிச்சல், பிறகு மரத்துப்போனது. சொன்ன அன்றே டாக்டர் அதை நிறுத்தினார். கால் மெதுவாகத் தேறியது, காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டர்பன் உறுப்பினர்:

நான் செவித்திறன் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். கானாமைசின் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. ஆனால் வேறு மருந்து பலிக்காத சிலருக்கு அமிகாசின் ஊசி இன்னும் தேவைப்படலாம், அதுவும் கானாமைசினின் மருந்துக் குடும்பம்தான். அப்படி யாராவது சொன்னால், முதல் ஊசிக்கு முன்பே ஒரு காது சோதனை, பிறகு மாதாமாதம் ஒன்று என்று கேட்டு வாங்குங்கள். பாதிப்பு மிக உயர்ந்த சுருதிகளில்தான் தொடங்கும். பேச்சு கேட்பது குறையும் முன்பே மெஷின் காட்டிவிடும், மருந்தை மாற்ற அவகாசம் இருக்கும். இரைச்சல் வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம். ஊசி நின்ற பிறகும் கேட்கும் திறன் இன்னும் குறையலாம், அதனால் சிகிச்சை முடிந்தும் சோதிக்க வேண்டும்.

அக்கா, உங்கள் அண்ணனுக்கு ஹியரிங் எய்ட் கொஞ்சம் உதவலாம், ஆனால் போன தெளிவு முழுசாக வராது. அதுவும் பயன்படாத அளவுக்குப் போயிருந்தால் காக்லியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து உட்காதில் பொருத்தும் கருவி) பற்றிக் கேட்கலாம். உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் காது சோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட் எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, என்னென்ன ஊசி போட்டார்கள் என்று எழுதி எடுத்துப் போனால் போதும்.