பொருள்: விகிதக் கணக்கில் வரும் அந்த 'ஒண்ணு' – பங்கலகா, கூறா?

கலைச்சொல் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். விகிதத்தில் வரும் ஒரு பங்கைத் தமிழில் என்னவென்று சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம் அல்லவா, அதற்கு என் பதில் இது.

காட்பாடியில் மாலை வேளையில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். 200 கேள்வி, 3 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 54 நொடி. திறனறிவுப் பகுதிக்கு 25 கேள்விகள். அதில் விகிதக் கணக்கு வந்தால் பாதிப் பேர் எக்ஸ், ஒய் என்று சமன்பாடு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள்.

போன வாரம் நடந்தது இது. இருவர் சம்பளம் 5:3, வித்தியாசம் 4,000 ரூபாய், மொத்தம் எவ்வளவு? ஒரு பையன் பலகைக்கு வந்தான். 5-ஐயும் 3-ஐயும் கூட்டி 8 என்றான். 4,000-ஐ 8-ஆல் வகுத்து 500 என்று எழுதிவிட்டு, அப்புறம் சாக்பீஸை உருட்டிக்கொண்டே நின்றான். "500 எதுப்பா?" என்றேன். "தெரியல சார், வந்துச்சு" என்றான்.

4,000 என்பது வித்தியாசம். 5-க்கும் 3-க்கும் வித்தியாசம் 2. அந்த இரண்டு 4,000 என்றால் ஒன்று 2,000, எட்டு 16,000. பத்து நொடி வேலை. ஆனால் இரண்டு என்றால் எதில் இரண்டு? அந்த ஒன்றுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால்தான் அவன் கையில் இருந்த 500-க்கும் முகவரி இல்லாமல் போனது. ஆங்கில வழியில் படிக்கிறவர்கள் மல்டிப்ளையர் என்கிறார்கள், பயிற்சிப் புத்தகங்கள் 'கே' என்று போட்டுக் கடந்துவிடுகின்றன. நான் இத்தனை நாளாக 'அந்த ஒண்ணு' என்றே ஓட்டிவிட்டேன்.

இதுவரை குழுவில் வந்த சொற்களைப் பற்றி என் எண்ணம்:

பெருக்கி வேண்டாம். மின்னணுவியலில் ஒலிபெருக்கி என்று அது ஏற்கெனவே குடியிருக்கிறது. தவிர, என்ன செய்வது என்பதைத்தான் சொல்கிறதே ஒழிய, எது என்பதைச் சொல்லவில்லை. மாறிலி இன்னும் மோசம். கணக்குக்குக் கணக்கு மாறுகிற ஒன்றை மாறிலி என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பங்கலகு (பங்கு + அலகு) இலக்கணப்படி நன்றாகவே புணர்ந்திருக்கிறது. ஆனால் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்திக்கொள்கிற ஊர்ப் பிள்ளைகளிடம் அலகு என்றால் என்ன ஆகும்? அன்று அதற்கு மேல் கணக்கு நடக்கவில்லை.

என் பரிந்துரைக்கு வருகிறேன். அதே பையனின் அப்பா கொத்தனார். அவரிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது, "செங்கல் கட்டுக்கு ஒண்ணுக்கு ஆறு போடுவோம்" என்றார். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல். "ஒண்ணுன்னா எவ்வளவு?" என்று கேட்டேன். "பாண்டுதான். நீங்க சொம்புல அளந்தாலும் ஒண்ணுக்கு ஆறுதான் சார்" என்றார். விகிதப் பாடம் முழுவதையும் ஒரே வரியில் முடித்துவிட்டார். பாண்டு என்றே வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அது பாத்திரத்தின் பெயராகவே நின்றுவிடும்; சம்பளத்தைப் பாண்டில் அளக்க முடியாது.

அதைவிட நல்ல சொல் வேலூர் நேதாஜி மார்க்கெட் வாசலில் கிடைத்தது. கூறு. கத்தரிக்காயைக் கூறு கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கூறில் எத்தனை காய் என்று நமக்குத் தெரியாது, ஆனால் எல்லாக் கூறும் ஒன்றுபோல் இருக்கும் (பின்வரிசைக் கூறு எப்போதும் கொஞ்சம் இளைத்திருக்கும், அதை விடுங்கள்). உள்ளே எவ்வளவு என்று தெரியாது, ஆனால் எல்லாம் சமம்: நமக்கு வேண்டியதும் இதுதானே? 5:3 என்றால் இவரிடம் ஐந்து கூறு, அவரிடம் மூன்று கூறு. இரண்டு கூறு 4,000.

– காட்பாடியிலிருந்து

மறுமொழி 1

ஐயா, கூறு நல்ல சொல்தான். ஆனால் இயற்பியலில் திசையனின் கிடைத்தளக் கூறு, செங்குத்துக் கூறு என்று பிளஸ் ஒன்னிலேயே படிக்கிறார்களே? அவை சமமாக இருக்க வேண்டியதில்லை. இன்னொன்று: நீங்கள் கூறு என்பது குவியலையா, அந்த 2,000-ஐயா? இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மறுபடி குழப்பம். 2,000-க்குக் 'கூற்றளவு' என்று சொல்லலாமா?

– குடியாத்தத்திலிருந்து

மறுமொழி 2

இரண்டாவது கேள்வி சரியான இடத்தில் குத்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். குவியல் கூறு; அதன் உள்ளே இருப்பதற்குத் தனிப்பெயர் வேண்டும். ஆனால் கூற்றளவு வேண்டாம் அம்மா. ஆறு 'ஆற்று' ஆவதுபோல் கூறு 'கூற்று' ஆவது முறைதான். ஆனால் கூற்று என்றதும் எமன் வருவான், இல்லாவிட்டால் வினாத்தாளில் உள்ள 'கூற்று – காரணம்' வகைக் கேள்வி வரும். பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே பயம். 'கூறுமதிப்பு' என்று வைத்துக்கொள்வோம். கூறுமதிப்பு 2,000. புணர்ச்சியில் எதுவும் உடையவில்லை.

இயற்பியல் கூறு அந்தப் பாடத்தோடு இருக்கட்டும். ஆறு என்ற சொல் நதியாகவும் எண்ணாகவும் இருந்துகொண்டுதானே இருக்கிறது? பாலாற்றில் தண்ணீர் இல்லாததற்கு அந்தக் குழப்பம் காரணமில்லை.

– காட்பாடியிலிருந்து

மறுமொழி 3

ஒரு சிக்கலான கணக்கில் ஓட்டிப் பார்த்தேன். இரு எண்கள் 3:5. இரண்டோடும் 10 கூட்டினால் 2:3. இங்கே 3:5-இல் உள்ள கூறும் 2:3-இல் உள்ள கூறும் ஒரே அளவு இல்லை! 'கூறு எல்லாம் சமம்' என்று மனப்பாடம் செய்த பிள்ளை, 3 என்பது 2 ஆகிவிட்டதே, கூட்டினால் எப்படிக் குறையும் என்று திகைப்பான்.

ஆனால் உங்கள் மார்க்கெட்டிலேயே விடையும் இருக்கிறது. கூறைக் கலைத்துத் திரும்பக் கட்டலாம். இரண்டோடும் ஒரே எண்ணைக் கூட்டுவதால் வித்தியாசம் மாறாது. முதலில் வித்தியாசம் 2 கூறு, பிறகு 1 கூறு. அப்படியானால் 2:3-இன் ஒவ்வொரு கூறையும் பாதியாக உடைத்துக் கட்டினால் 4:6. இப்போது 3:5, 4:6 இரண்டிலும் கூறு ஒன்றே. 3 என்பது 4 ஆனது, ஏறியது ஒரு கூறு, அதுதான் 10. கூறுமதிப்பு 10, எண்கள் 30, 50. இதை 'மறுகூறு கட்டுதல்' என்று சேர்த்துக்கொள்ளலாமா? பங்கலகு என்று வைத்திருந்தால் இந்த வினைச்சொல் கிடைத்திருக்காது.

– இராணிப்பேட்டையிலிருந்து

மறுமொழி 4

மறுகூறு கட்டுதல்! இன்று மாலை வகுப்பில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றுகிறவர் கூறு, கூறுமதிப்பு இரண்டையும் தனித்தனிப் பதிவாகப் போடவும். கூறுமதிப்பு ஒரே சொல், நடுவில் இடைவெளி வேண்டாம். எடுத்துக்காட்டில் ஆப்பிள் போடாதீர்கள், அதை எங்கள் ஊரில் யாரும் கூறு கட்டி விற்பதில்லை. முள்ளுக் கத்தரிக்காய் இருக்கட்டும்.

– காட்பாடியிலிருந்து