தளம் காட்டிய நேரத்தை நம்பிக் கெட்ட கதைகள்

சுருதிப்பெட்டி:
சென்னைப் பாட்டு டீச்சர் ஒருவருக்கு வகுப்புத் தளம் செய்து கொடுத்திருந்தேன். ஞாயிறு மாலை 6.30 வகுப்பு, டொராண்டோ பிள்ளைகளுக்குக் காலை 8. அவர்கள் கணக்கில் உலகப் பொது நேரத்திலிருந்து ‘-5 மணி’ என்று எண்ணாகவே எழுதி வைத்தது என் புத்தி. 2024 மார்ச் 10 அன்று கனடாவில் கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அங்கே வகுப்பு இனி 9 மணிக்கு. என் தளமோ 8 என்றே அடித்துச் சொன்னது. டீச்சர் உள்ளே வந்தபோது, ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தலைவாரிப் பொட்டு வைத்து, கேமரா முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாளாம். தம்பூரா ஆப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. லண்டன் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே 31ஆம் தேதிதான் மாற்றம். அதனால் மூன்று வாரம் டொராண்டோக்காரர்களிடம் ‘உங்கள் போன்தான் கோளாறு’ என்று வாதாடினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

புட்போர்டு:
உங்களுக்கு எண் தப்பு, என்னை எழுத்தே காலை வாரியது. டப்ளின் கம்பெனி இன்டர்வியூ. அவர்கள் இணையப் பக்கத்தில் ‘பிற்பகல் 3, ஐஎஸ்டி’ என்று இருந்தது, இந்திய நேரம் என்று நினைத்தேன். ஜூலையில் அயர்லாந்துக்காரர்களும் தங்கள் நேரத்தை ஐஎஸ்டி என்றுதான் சொல்வார்கள் என்று யார் கண்டது? 3.20 வரை காத்திருந்துவிட்டு மூடிவைத்தேன். இரவு 7.30க்கு அழைப்பு வந்தபோது தாம்பரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்விக்கு என் பக்கத்திலிருந்து போன பதில், கண்டக்டரின் ‘உள்ளே போ, உள்ளே போ’.

கொழும்பு அன்ரி:
மகள் 2001இல் கொழும்பில் பிறந்தவள். 1996இல் எங்கட நேரத்தை உலகப் பொது நேரத்தைவிட ஆறரை மணி முன்னாலாக்கி, அதே வருடம் ஆறாகக் குறைத்து, 2006 ஏப்ரலில்தான் திரும்ப ஐந்தரைக்குக் கொண்டுவந்தவை. சாதகத் தளத்துக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பேச்சுக்கால் அன்று மாப்பிள்ளை வீட்டார் தளத்தில் எடுத்த தாளையும் எங்கட ஐயர் எழுதிய குறிப்பையும் மேசையில் பக்கம் பக்கமாக விரித்தார்கள். ஒன்றில் துலா லக்கினம், மற்றதில் கன்னி. தரகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார். அப்பவும் அதேதான்.

வன்னிக் கடிகாரம்:
அக்கா, நாடு முழுக்க அப்படிச் சொல்ல ஏலாது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரம்தான் ஓடியது. நான் அந்தக் காலத்தில் கிளிநொச்சியில் பிறந்தவன். ஐந்தரை போட்டால்தான் என் குறிப்புச் சரிவரும். ஆகவே தளத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

சுருதிப்பெட்டி அண்ணாவுக்கு: எண்ணை எழுதவே கூடாது. ‘அமெரிக்கா/டொராண்டோ’ (America/Toronto) என்று நேர மண்டலப் பெயரைச் சேமியுங்கள். எந்த ஊரில் எப்போது கடிகாரம் மாறியது என்பது கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளத்திலேயே இருக்கிறது. ‘ஏசியா/கொழும்பு’ கொடுத்தால் 2001க்கு ஆறு மணி தானாக வரும். எல்லாவற்றையும் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், போடு என்று சிலர் வருவார்கள். நடந்து முடிந்ததற்கு அது சரி. வாராவாரம் வரும் வகுப்புக்கு ‘ஞாயிறு 6.30, ஏசியா/கொல்கத்தா’ என்றே வைத்து, அந்தந்த வாரத்துக்குக் கணக்குப் போட வேண்டும். பார்ப்பவர் எந்த மண்டலத்தில் இருக்கிறார் என்று பிரவுசரே சொல்லும். காட்டும்போது பக்கத்தில் ஊர்ப் பெயர் இருக்கட்டும், மூன்றெழுத்துச் சுருக்கம் வேண்டவே வேண்டாம். அப்புறம், நேர வித்தியாசப் பட்டியலை அரைமணி அரைமணியாகக் கட்டிவிடாதீர்கள், நேபாளம் ஐந்தேமுக்கால்.

கொழும்பு அன்ரி:
தம்பி, உங்கட குறிப்புச் சரிவந்தது சந்தோஷம். என்ர மகள் கொழும்பில் பிறந்தவள் என்றுதானே எழுதினேன்?

சுருதிப்பெட்டி:
வன்னி, அதெல்லாம் அப்போதே மாற்றியாச்சு. ஆனாலும் அந்தப் பெண்ணின் அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் வாட்ஸ்ஆப்பில் கேட்கிறார்: “சார், நாளைக்கு நிஜமா எத்தனை மணிக்கு?”