புதுப்பிப்பு: முழங்கால் மூட்டு மாற்றிய கால் நேராக இருக்கிறதா?

முழங்காலை மட்டும் எடுத்த சின்ன எக்ஸ்ரேயை வைத்துக் காலின் நேர்க்கோட்டை முடிவு செய்ய வேண்டாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதன்பின் தருமபுரி, பாலக்கோடு பக்கமிருந்து வந்த கேள்விகளில் பாதி இதுதான்: "ஆபரேஷன் செய்த கால் நீளமாயிடுச்சா?"

முதலில் எக்ஸ்ரே படம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, இரண்டு காலிலும் எடை ஊன்றி நின்று எடுக்க வேண்டும். நீளப் படம் எடுக்கும் வசதி உண்டா என்று சென்டரில் முன்கூட்டியே கேளுங்கள். முழங்கால் சில்லு நேர் முன்னால் பார்க்கட்டும். கால் வெளிப்பக்கம் திரும்பி, முட்டியும் சற்று மடங்கியிருந்தால் நேரான காலும் வில்லாகத் தெரியும். பலர் வீணாகப் பயப்படுவது இதனால்தான். தொடை எலும்புத் தலையின் நடு, முட்டியின் நடு, கணுக்காலின் நடு ஒரே கோட்டில் வந்தால் கோணம் 180 டிகிரி, அதாவது கால் நேர். 3 டிகிரி முன்னே பின்னே இருப்பது வழக்கமான இலக்கு. நோயாளியின் இயல்பான வளைவைச் சில மருத்துவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுவைப்பதும் உண்டு.

நீள வித்தியாசம் பெரும்பாலும் மற்றக் கால் இன்னும் வளைந்திருப்பதால் வரும் உணர்வு. சில மாதங்களில் பழகிவிடும். அவசரப்பட்டுச் செருப்பில் உயரம் ஏற்றாதீர்கள்.

முட்டியை முழுதாக நீட்ட முடியாவிட்டால் அந்தக் கால் குட்டையாகத் தோன்றும். முட்டிக்கடியில் தலையணை வைத்துத் தூங்குவதை உடனே நிறுத்துங்கள். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கடியில் வைத்து, முட்டியைப் படுக்கை நோக்கி அழுத்தி 5 நொடி பிடியுங்கள்.

நேராக இருந்த கால் புதிதாக வளைந்தாலோ, ஊன்றும்போது வலி கூடினாலோ காத்திருக்காமல் அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள். பழைய படத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.